மூடுபனியில் கைகாட்டுபவர் யார்?

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளைக் கல்லாறு சோதனைச்சாவடியில் நிறுத்தி இ-பாஸ் கேட்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ல் நடைமுறைக்கு வந்தது இது. சாவடியும் தடுப்பும் சீருடையும் கண்ணெதிரே இருப்பதால், கேட்பவர் யார் என்ற சந்தேகம் நமக்கு எழுவதில்லை. ஆனால் மூடுபனி இறங்கிய இரவில், சாவடிக்குச் சற்று முன்னால், கையில் டார்ச்சுடன் யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி ஆவணங்களைக் கேட்டால் உடனே நீட்டிவிடுவோமா?

தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும்போது பலரும் நீட்டிவிடுகிறார்கள்.

குன்னூரில் 1963-ல் தொடங்கிய தேயிலை ஏலம் இன்று கணினித் திரையில் நடக்கிறது. பச்சைத் தேயிலையின் எடைக் கணக்கு, சிறு விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கி, விடுதியின் அறை முன்பதிவு என எதுவும் இன்று மும்பையிலோ சென்னையிலோ உள்ள வாடகை சர்வரில் இருக்கலாம். கோத்தகிரி வீட்டில் உட்கார்ந்தபடி வெளியூர் நிறுவனத்தின் சர்வரைப் பராமரிப்பவர்களும் உண்டு. இவர்கள் உள்ளே போகும் வழி பெரும்பாலும் எஸ்.எஸ்.எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைக் கண்ட தாத்து யுலோனென் 1995-ல் எழுதிய மென்பொருள் அது.

சர்வருக்கும் அடையாள அட்டை உண்டு

பாஸ்வேர்ட், நாம் யார் என்பதைச் சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் யார் என்பதை நமக்குச் சொல்வது ஹோஸ்ட் கீ. இது இரட்டைச் சாவி. ரகசியப் பாதி சர்வரை விட்டு வெளியே வராது. பொதுப் பாதியை யாரும் பார்க்கலாம். அந்தப் பொதுச் சாவியின் சுருக்கத்தைக் கைரேகை என்கிறார்கள்.

முதல்முறை இணையும்போது திரையில் கைரேகையைக் காட்டி, "இந்தச் சர்வரை நம்பலாமா?" என்று மென்பொருள் கேட்கும். 'யெஸ்' என்று அடித்தால் அந்தச் சாவி நம் கணினியில் பதிவாகிவிடும். அடுத்தடுத்த முறை அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் பேசாமல் உள்ளே விடும். மாறியிருந்தால் பெரிய எழுத்தில் எச்சரிக்கும். ஆக, முழுப் பாதுகாப்பும் அந்த முதல் 'யெஸ்'ஸின் மேல் நிற்கிறது. அதைத்தான் படிக்காமலே அடிக்கிறோம்.

என்ன ஆபத்து?

விடுதியின் பொது வைஃபையில் யாரோ நடுவே புகுந்து, சர்வர் போல நடிக்கிறார் என்று வையுங்கள். பாஸ்வேர்டால் நுழைபவர் அதை நேராக அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். சொந்தச் சாவியால் நுழைபவருக்கு ஆபத்து குறைவு. நுழையும்போது அந்தச் சாவி இடும் கையொப்பத்தை எடுத்துப்போய் உண்மையான சர்வரில் பயன்படுத்த முடியாது. ஆனாலும் போலி சர்வருக்கு அனுப்பிய கோப்பு அனுப்பியதுதான்.

எச்சரிக்கை வந்தாலே திருட்டு என்றும் பொருளில்லை. மழைக்காலத்து இடியிலோ மின்தடையிலோ சர்வர் பழுதாகி, புதிதாக நிறுவியிருந்தாலும் சாவி மாறும். பழைய ஐ.பி. முகவரி வேறு கணினிக்குப் போயிருந்தாலும் அதே எச்சரிக்கை வரும். எது காரணம் என்பதைத் திரை சொல்லாது. பராமரிப்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பின் ஆர்.எஸ்.ஏ. வகை ரகசியச் சாவி தவறுதலாகப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளியாகிவிட, 2023 மார்ச் 24-ல் அதை மாற்றினார்கள். பழைய சாவியைப் பதிந்து வைத்திருந்தவர்களின் திரையில் எச்சரிக்கை வந்தது. புதிய கைரேகையை நிறுவனம் வெளியிட்டிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கதை இன்னும் மோசம். 2006-ல் செய்த ஒரு திருத்தத்தால், அதில் உருவான சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,768-க்குள் அடங்கி, எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன. 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தபின், பாதிக்கப்பட்ட சாவிகளையெல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

பயன்படுத்துபவர் செய்ய வேண்டியவை

1. சர்வரின் கைரேகையைப் பராமரிப்பவரிடம் தொலைபேசியிலோ நேரிலோ கேட்டு வாங்குங்கள். இணைக்கும் அதே வழியாகக் கேட்பதில் பயனில்லை.
2. பரவலாகப் பயன்படும் எஸ்.எஸ்.எச். மென்பொருளான ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ல், 2019-ல் வந்த 8.0 பதிப்பு முதல், 'யெஸ்' அடிக்கும் இடத்தில் கைரேகையையே ஒட்டலாம். பொருந்தினால் மட்டுமே இணைப்பு தொடரும்.
3. எச்சரிக்கை வந்தால் நிறுத்துங்கள். காரணம் உறுதியான பின், அந்த ஒரு சர்வரின் பழைய பதிவை மட்டும் நீக்குங்கள். மொத்தப் பதிவுக் கோப்பையும் அழிக்க வேண்டாம்.
4. சரிபார்ப்பையே அணைத்துவைக்கும் அமைப்பை எங்காவது பார்த்து நகலெடுக்காதீர்கள்.

சர்வர் வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை

1. ஹோஸ்ட் கீ-க்கும் பாதுகாப்பான காப்புநகல் எடுங்கள். பழுதுக்குப் பின் அதையே திரும்பப் போட்டால் வீண் எச்சரிக்கை வராது. ஆனால் சர்வருக்குள் யாராவது புகுந்திருந்தால் பழைய சாவி கூடாது, புதியதே வேண்டும்.
2. ஒரே அச்சிலிருந்து பல சர்வர்களை நகலெடுத்தால், ஒவ்வொன்றிலும் சாவியைப் புதிதாக உருவாக்குங்கள்.
3. சாவியை மாற்றும் முன்பே புதிய கைரேகையை எல்லோருக்கும் அறிவியுங்கள்.
4. பத்துக்கு மேல் சர்வர் இருந்தால் ஹோஸ்ட் சான்றிதழ் முறை எளிது. ஒரே கையொப்பச் சாவியை நம்பினால் போதும்.

ஏமாந்துவிட்டால்?

முதலில் வேறொரு நம்பகமான இணைப்பிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். சர்வரின் நுழைவுப் பதிவேடுகளை அழிக்காமல் தனியே எடுத்துவையுங்கள். வழக்குக்கு அவைதான் சாட்சி. நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2022 ஏப்ரல் 28-ன் உத்தரவு.

அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

இத்தனைக்கும் தேவை வராமல் தடுக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். உங்கள் கணக்கு இருக்கும் சர்வரைப் பராமரிப்பவரை இன்றே கூப்பிட்டு, "கைரேகையைப் படியுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால், அந்தச் சர்வரில் கவனிக்க வேண்டிய முதல் வேலை எதுவென்று உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும்.