குளத்தில் பூச்சிமருந்து கலந்தால் புழு ஒழியுமா?



குளத்தில் குளித்து வந்த பிள்ளை உடம்பெல்லாம் சொறிகிறது. தோல் சிவந்து தடிக்கிறது. "தண்ணியில புழு இருக்குது, வயலுக்கு அடிச்ச மருந்துல மிச்சத்தைக் கொட்டுனா செத்துப்போகும்" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. ஏன் என்று கேளுங்கள்.

இந்த அரிப்புக்கு ஒரு காரணம், மாட்டின் இரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழு. அதன் முட்டை சாணத்தோடு குளத்தில் சேருகிறது. பொரித்து வரும் இளம்புழு நத்தைக்குள் புகுந்து, பலவாகப் பெருகி, மறுபடி தண்ணீருக்கு வருகிறது. மாட்டைத் தேடும் அவை நம் தோலையும் துளைக்கின்றன. மனித உடம்பில் அவை வளராமல் செத்துவிடும், அரிப்புதான் மிச்சம்.

பூச்சிமருந்தில் நீந்தும் இளம்புழு சில சாகலாம். நத்தை லேசில் சாகாது. நத்தையைத் தின்னும் இறாலும் மீனும்தான் முதலில் சாகும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குளோர்பைரிபாஸ் கலந்த தொட்டிகளில் இறால் வகை உயிர்கள் குறைந்து, நத்தைகள் பெருகின. நத்தை பெருகினால் புழுவும் பெருகும். அதோடு, அந்த விஷத் தண்ணீரில் இறங்குவதும் உங்கள் பிள்ளைதானே!

ஆகவே, தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீர்கள். குளிக்கும் துறையில் மாட்டை இறக்காதீர்கள். காலி மருந்து டப்பாவில் தண்ணீர் மொள்ளாதீர்கள். பிள்ளையைக் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ குளிப்பாட்டுங்கள். குளத்தில் இறங்கிவிட்டால் உடனே துண்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அரிப்பு அடங்கவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.