கழனியில் பழகியவர்களும் ஷிஃப்டில் பழகுகிறவர்களும்

கும்மிடிப்பூண்டி பக்கத்துப் புதுவாயல் கூட்ரோட்டில் பெரியபாளையம் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதே ஒரு காலத்தில் பாதி வாழ்க்கை. பெண் கேட்டார்கள், கைமாற்று வாங்கினார்கள், கோபித்துக்கொண்ட பங்காளியைச் சமாதானப்படுத்தினார்கள். பஸ் எப்போது வரும் என்று தெரியாததால் பேச்சுக்கும் முடிவில்லை.

அன்றைய நட்பு கழனியில் பிறந்தது. ஆரணியாறு பாயும் இந்தப் பக்கத்தில் நடவும் அறுப்பும் பத்துப் பேர் கூடிச் செய்த வேலை. பக்கத்தில் குனிந்து நட்டவளின் பிரசவத்துக்கு ஓடவும், அவள் பிள்ளைக்குச் சோறு போடவும் யாரும் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அதில் 'பழைமை' என்ற அதிகாரம், கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்ளும் இத்தகைய உறவைப் பற்றியது.

ஆனால் அந்த உரிமைக்கு ஊர், சேரி என்ற எல்லை இருந்தது. சேர்ந்து நாற்று நட்டவர்கள் ஒரே திண்ணையில் உட்கார முடியவில்லை. சாதி மாறிக் காதலித்தவர்கள் ஊரைவிட்டே போனார்கள். அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசும்போது இதை மறைப்பது நியாயமில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் சாலையோரத் தொழிற்சாலைகளும் வந்தபின் கேண்டீன் பெஞ்சில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் காதல் அரும்புகிறது. செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துச் சிறுவாபுரி முருகனிடம் கல்யாணமும் சொந்த வீடும் வேண்டி வருகிற கூட்டத்தில், வீட்டார் சம்மதத்துக்காக வேண்டிக்கொள்ளும் ஜோடிகளும் இருக்கக்கூடும். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களை ஊர் தள்ளியே வைத்திருக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் நான் பார்ப்பது வேறு. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். இரவு எட்டரை மணி வாக்கில், மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போன பாக்மதி எக்ஸ்பிரஸ் அடுத்த ஊரான கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போகாமல் லூப் லைனுக்குள் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, தீயும் பிடித்தது. பூஜை போட்ட கையோடு ஊர்க்காரர்கள் ஓடினார்கள். இருட்டில் பயணிகளை இறக்கிவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பயணிகள் கல்யாண மண்டபங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். பலர் காயமடைந்தும் உயிரிழப்பு இல்லை. அன்று இந்தி தெரியாதது யாருக்கும் தடையாக இல்லை. கேட்காமலே ஓடும் அந்தப் பழைய பழக்கம் அழியவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அழிந்துவருவது நேரம். ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்களில் ஒருவன் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது மற்றவன் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறான். காண்ட்ராக்ட் முடிந்தால் பழக்கமும் வாட்ஸ்அப் குழுவோடு சரி. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கும் கம்பெனி வேறு, வார லீவு வேறு. அவள் சமைத்து வைத்ததை அவன் தனியே சாப்பிடுகிறான்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வைத் தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே உரிமையாக்கிவிட்டது. கணவன் மனைவிக்காவது அந்த நாள் ஒரே நாளாக அமைய வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கங்கள் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.