வந்தியத்தேவன் போன வழியில் ஒரு ஜோடி

இன்று உங்களை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே அழைத்துப் போகிறேன். ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் எல்லோரும் போட்டோ காட்டுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் நடக்கும் அமர்க்களத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்கோ அந்த அமர்க்களம்தான் பாதி சுற்றுலா! மேசைமேல் என்னென்ன இருக்கிறது, பாருங்கள். கல்கியில் மறுபடி தொடராக வந்தபோது என் மாமியார் வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த 'பொன்னியின் செல்வன்', தமிழ்நாட்டுச் சாலை வரைபடம், பச்சையும் சிவப்புமாக இரண்டு பேனா, பேச்சு சுவாரசியத்தில் ஆறிப்போன காபி.

'இந்த வாரம் எங்கே போகலாம்?' என்ற கேள்வியே எங்கள் வீட்டில் கிடையாது. அதை அந்த நாவலின் நாயகன் வந்தியத்தேவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அந்தக் கதையில் அவன் எத்தனை ஊர் சுற்றுகிறான்! வீரநாராயண ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சாவூர், பழையாறை, கோடிக்கரை, அங்கிருந்து கடல் தாண்டி இலங்கை. அவன் குதிரையில் ஒரே மூச்சில் போனதை, நாங்கள் காரில் சனி ஞாயிறுக்கு ஏற்றபடி துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். பச்சைப் பேனா சாலைக்கு, அது என் கணவர் பொறுப்பு. சிவப்புப் பேனா கதைக்கு, அது என்னிடம். கோயில் நேரமும் சாப்பாடும்கூட என் கணக்கில்தான் வரும்.

கதை ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. அப்படியானால் நாங்களும் ஆடிப்பெருக்கன்றுதான் தொடங்க வேண்டும், வேறு பேச்சே இல்லை! 2025 காலண்டரைப் புரட்டினால் ஆடி 18, ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. அவர் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு அக்கா கதவைத் திறந்து என்னவென்று பார்த்தார். அன்றே திங்கட்கிழமைக்கு இருவரும் லீவு சொல்லிவிட்டோம்.

நாள் கிடைத்துவிட்டது. தண்ணீர்? ஏரி வறண்டிருந்தால் ஆடிப்பெருக்குக்கு என்ன அர்த்தம்? மற்றவர்கள் ஹோட்டல் வாடகை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் தினம் காலையில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தோம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து, கொள்ளிடத்தில் கீழணையை அடைந்து, அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும். கதையில் வரும் வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். அந்த ஆண்டு அணை தன் முழு நீர்மட்டமான 120 அடியையும் எட்டியது. "என்னங்க, 120 தொட்டாச்சு!" என்று நான் கத்தியபோது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நுரையோடு ஓடி வந்தார்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது. புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறியதிலிருந்து, அந்த ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராஜாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி அது. வந்தியத்தேவன் வாய் பிளந்து பார்த்த நீரைச் சென்னையில் குடம் குடமாகப் பிடித்துச் சமைத்துக்கொண்டிருக்கிறோம்!

சனிக்கிழமை இரவு சமையலறைக்கு வாருங்கள். ஆடிப்பெருக்கு என்றால் சித்திரான்னம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். நீண்ட பயணத்துக்குத் தேங்காய் சாதம் தாங்காது, மதியத்துக்குள் சளித்துவிடும். அதனால் புளியோதரைக்கே முதலிடம். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதந்து வரும்வரை சுண்டவிட வேண்டும். சாதத்தை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, விசிறி ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்து, ஊருக்குப் போகும் முன் ஊசிப்போகும். அடுத்து வாழை இலை. பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். அடுப்புத் தணலுக்கு மேலே அங்குமிங்கும் காட்டினால், வெளிர்பச்சை சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும், துணியைப் போலத் துவளும். அந்த வாசனைக்காகவே நான் நாலு இலை கூடுதலாக வாட்டுவேன். அவர் வாழைநார் கிழித்துக் கொடுக்க, பொட்டலங்கள் தயார். மேலே ஒரு சின்னப் பையில் மஞ்சள் சரடு, காதோலை கருகமணி.

கிளம்பும் நேரம் அதிகாலை 4 மணி. ஏன் அத்தனை சீக்கிரம்? எங்கள் திட்டத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு மணி ஆகும். இதை மறந்துவிட்டு டெல்டாப் பக்கம் போகிறவர்கள் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதனால் பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். பன்னிரண்டுக்குள் மேலக்கடம்பூர், அதற்கு முன் காட்டுமன்னார்கோயில், அதற்கு முன் ஏரிக்கரை, அதற்கு முன் பண்ருட்டியில் இட்லி. பின்னோக்கி வந்தால் பரனூர் சுங்கச்சாவடியை ஐந்து மணிக்குள் தாண்டியாக வேண்டும். காலைக் கணக்குச் சரியாக விழுந்துவிட்டால், மீதி நாள் தானாக அமையும்.

சேத்தியாத்தோப்பு தாண்டி ஏரிக்கரைக்கு வந்ததும் எங்கள் சட்டம் அமலுக்கு வரும். அந்தந்த ஊரில் அந்தந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் வண்டியை ஓரங்கட்ட, நான் பைண்டைப் பிரித்தேன். முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், காற்றில் படபடக்கும் பழுப்புப் பக்கங்கள், படித்துறையில் முளைப்பாரியோடு பெண்கள். எனக்குக் குரல் தழுதழுத்தது. அவர் புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்தார். மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, பொட்டலம் பிரித்தோம். (ஆமாம், பத்து மணிக்கே மதியச் சாப்பாடு. ஏரிக்கரையில் புளியோதரை காத்திருக்குமா என்ன?)

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். கதையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றுவரை சண்டை போடுகிறோம் இல்லையா? அந்தக் கொலையோடு தொடர்புடையவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அதில் இருக்கின்றன. நாவலில் நடுநிசியில் சதி செய்கிற அந்த ரவிதாசன் கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட ஆள்! அவர் செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தார். நேராக அடித்தால் எழுத்து தெரியாது, பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். கல்வெட்டுப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒரு வித்தையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

மேலக்கடம்பூரில் கல்லில் சக்கரம் பூட்டிய தேர் வடிவக் கருவறை. கதைக்குப் பிந்தைய முதலாம் குலோத்துங்கன் காலத்தது என்பதால், கதையில் வரும் சம்புவரையர் மாளிகையை இங்கே தேடி ஏமாற வேண்டாம். அந்தச் சக்கரங்களே போதும், போங்கள்!

மாலையில் எங்களுக்குள் பெரிய வழக்கு. கங்கைகொண்ட சோழபுரம் கதையில் வராத ஊர். சட்டப்படி நிற்கக் கூடாது. "அருள்மொழியோட, அதான் ராஜராஜனோட பிள்ளை கட்டினது. அவ்வளவு தூரம் போயிட்டு எட்டிப் பார்க்காம வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். நியாயம்தானே? நாலரை மணி வெயிலில் அந்த விமானம் தங்கம் பூசியதுபோல் நின்றது. சட்டத்தைத் திருத்திவிட்டோம், இனி சொந்தபந்தங்கள் கட்டிய கோயில்களுக்கும் அனுமதி உண்டு.

இரவு கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் பழையாறை. அரண்மனை எதுவும் மிச்சமில்லை, வயலும் வாய்க்காலும்தான். ஆனால் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். படைகள் தங்கிய இடங்கள் பேருந்து நிறுத்தங்களாக நிற்கின்றன! ஒவ்வொரு பலகைக்கும் நான் "நிறுத்துங்க" என்று சொல்ல, அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

தஞ்சாவூரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நீட்ட மாட்டேன். ஒரே ஒரு விளையாட்டு மட்டும் சொல்கிறேன். பெரிய கோயில் நிறைவடைந்தது 1010-இல். வந்தியத்தேவன் கோட்டைக்குள் நுழைந்தபோது அந்த விமானம் கிடையாது. நாங்கள் இருவரும் கண்ணை மூடி, விமானம் இல்லாத தஞ்சாவூர் வானத்தை நினைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தோம். ஐயோ! அந்த ஒரு கணத்துக்காகவே நீங்களும் செய்து பாருங்கள்.

கோடிக்கரைக்கு நாள் குறிப்பது நீரல்ல, பறவை. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் பருவமாகப் பார்த்து ஜனவரியில் வேதாரண்யத்தில் தங்கினோம். 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க வந்த ஊர். இன்றும் சாலையின் இருபுறமும் உப்பளம். சரணாலயத்தில் வெளிமான்கள் குதித்தோடுகின்றன, காட்டுக்குதிரைகள்கூட மேய்கின்றன. வந்தியத்தேவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டுமா! அவன் புதைசேற்றில் சிக்கி, ஓடக்காரப் பெண் பூங்குழலி கை கொடுத்துத் தூக்கும் அத்தியாயத்தைச் சதுப்புநில ஓரத்தில் வாசித்தோம். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது என்பதுதான் ஆறாத வருத்தம்.

இப்போது மேசைமேல் விரிந்திருப்பது அடுத்த பாகம். பூங்குழலி படகு வலித்துப் போன கடல்! நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள், இடைவெளிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறும் என்பதால் அந்த மாதங்களை முதலிலேயே அடித்துவிட்டேன். அனுராதபுரத்துக்கும் தம்புள்ளைக்கும் சிவப்பு வட்டம் போட்டாயிற்று. காங்கேசன்துறையில் இறங்கியதும் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்து அனுராதபுரம் போகலாம் என்கிறார் அவர். நான் ஏ9 சாலையில் கிளிநொச்சி, வவுனியா என்று ஊர் ஊராக இறங்கிப் பார்த்துக்கொண்டு போவோம் என்கிறேன். அவருடைய பாஸ்போர்ட்டை மட்டும் புதுப்பிக்க வேண்டும், விண்ணப்பம் போன வாரம் போட்டாயிற்று. ரயிலா சாலையா என்பதற்கு இன்றிரவு மறுபடி உட்காருகிறோம்.