பச்சை முத்திரை: அசலா, நகலா?

புளியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துத்தான் வாங்குகிறீர்கள். துவரம் பருப்பை முறத்தில் பரப்பி, வேறு பருப்பு கலந்திருக்கிறதா என்று கண்ணை இடுக்கிக் கொண்டு பார்க்கிறீர்கள். பட்டுப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். சரிகையை நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் திருப்பி, கடைக்காரர் முகம் சுருங்கும் வரையில் ஆராய்ந்த பிறகே பணப்பை திறக்கும். ஆனால் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பட்டாசுக் கடையில் நிற்கும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே போய் ஒளிந்து கொள்கிறது? "எல்லாம் அசல் சிவகாசிச் சரக்குங்க, அம்மா!" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான், கூடை நிரம்பி விடுகிறது!

மட்டமான புளி வந்தால் அன்றைய ரசம் கெடும். பட்டாசு அப்படிப்பட்ட சரக்கா? உங்கள் வீட்டுக் குழந்தையின் விரலுக்கும் கண்ணுக்கும் ஒரு முழ தூரத்தில் பற்றிக் கொள்கிற பண்டம் அது. அதிலும் அசல் உண்டு, போலி உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது என்பதுதான் சங்கடம்.

இந்தச் சங்கடத்தின் காரணம் தெரிய வேண்டுமானால் விஸ்வநத்தம் வரையில் போய் வர வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர் அது. வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயியின் வயிற்றில் அடிக்கிற அதே வெயில் பட்டாசுக்காரருக்கும் தீப்பெட்டிக்காரருக்கும் வரப்பிரசாதம். மருந்து காய வேண்டுமே!

1922-ம் வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக் கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பு வந்தது, வெடி வந்தது. பெட்டி என்றால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டாமா? லேபிளுக்காக அச்சுக்கூடம் வந்தது. இன்றைக்கு இந்தியாவில் விற்கிற பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. காலண்டரும், டயரியும், பளபளக்கிற வண்ண லேபிள்களும் இங்கிருந்தே போகின்றன.

மருந்தும் மையும் இப்படி ஒரே மண்ணில் வளர்ந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்த முத்திரையை வேண்டுமானாலும் நாலு வர்ணத்தில் அச்சடித்து விடலாம். லேபிளைப் பார்த்து லேபிள் அடிப்பது புதிய வித்தை ஒன்றுமில்லை. ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி உலகமெல்லாம் விற்ற காலத்தில், ஜப்பான்காரர்கள் அந்த லேபிள் மாதிரியே தங்கள் பெட்டிக்கும் லேபிள் போட்டு விற்றிருக்கிறார்கள். தீப்பெட்டிப் படம் சேகரிக்கிறவர்கள் இன்றும் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று செல்லப் பெயர் உண்டு. அதற்கு இது காரணமில்லை என்று நம்புவோமாக!

இப்போது பச்சை முத்திரை விஷயத்துக்கு வருவோம். 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. புகையும் சத்தமும் குறைந்த 'பசுமைப் பட்டாசு' மட்டுமே இனிச் செய்ய வேண்டும், விற்க வேண்டும், பேரியம் உப்புக்கள் கூடாது, சரவெடி கூடாது, இணைய வியாபாரிகள் பட்டாசு விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. நாகபுரியில் இருக்கும் 'நீரி' என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் கலவைகளைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில கலவைகளில் வெடியுப்பும் கந்தகமும் கிடையாது. ஒன்றில் அலுமினியத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒன்று வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்குகிறது. காற்றில் கலக்கும் நுண்தூசி குறைந்தது 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது கணக்கு. 2019 அக்டோபரில் இந்தப் பட்டாசுகள் கடைக்கு வந்தன. பெட்டியின்மேல் பச்சை முத்திரை, கூடவே செல்போனால் படிக்கிற சதுரக் கட்டக் குறி.

முப்பது சதவீதம் குறைவு என்றால் மீதி எழுபது சதவீதம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே, 'புகையே வராது' என்று யாராவது சொல்லி விற்றால், அவருக்குச் சரக்கைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

முத்திரை வந்ததும் போலி முத்திரையும் வந்து விட்டது. அதைவிடக் கஷ்டம், உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் வேறாக இருப்பது. இந்த வழக்கில் சி.பி.ஐ.யின் சென்னை அதிகாரிகள் விசாரித்துக் கொடுத்த அறிக்கையை 2021 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் பார்த்தது. தடை செய்த பேரியம் உப்பு பட்டாசில் இருக்கிறது, லேபிளில் போட்ட பொருள் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று அதில் கண்டிருந்தது. அனுமதி பெற்ற தொழிற்சாலைகளின் சங்கதியே அது! 2025 அக்டோபரில் டில்லிப் பக்கத்தில் சில நாட்களுக்குப் பட்டாசு விட கோர்ட் அனுமதித்தபோதுகூட, நீரியில் பதிவான சரக்கு மட்டும்தான், கட்டக் குறி இருக்க வேண்டும், காவல் குழுக்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

சரி, கடையில் நிற்கும் நீங்கள் என்ன செய்வது? கையில் ஆராய்ச்சிசாலையா இருக்கிறது? இல்லைதான். ஆனால் பெட்டியே சில சமயம் தன் பொய்யைத் தானே சொல்லி விடும்.

ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா சரம் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதிலும் பச்சை முத்திரை இருக்கு, பாருங்க" என்கிறார் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே நீங்கள் தீர்ப்புச் சொல்லி விடலாம். சரவெடிக்கே தடை இருக்கும்போது அதற்குப் பசுமை முத்திரை ஏது? அந்தக் கடையில் மற்றப் பெட்டிகளின் முத்திரையையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்தது பச்சை நிறம். பசுமைப் பட்டாசு என்றால் பச்சை பச்சையாகப் பூப்பூக்கும் என்று குழந்தைகள் நினைக்கும். உண்மை நேர் எதிர்! மத்தாப்பில் கண்ணைப் பறிக்கிற பச்சை பேரியத்தினால் வருவது. கம்பி மத்தாப்புக் கலவையிலும் வெகுகாலம் பேரியம் நைட்ரேட்தான் சேர்த்து வந்தார்கள். தண்ணீரில் கரையும் பேரியம் உப்பு விஷம். அதனால்தான் தடை. தாமிரத்தாலும் இன்னும் ஓரிரண்டு பொருள்களாலும்கூடப் பச்சை வரும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனாலும் பச்சை முத்திரைப் பெட்டியிலிருந்து பளீரென்று பச்சை வெளிச்சம் வந்தால், புருவத்தைச் சற்று உயர்த்தலாம்.

கட்டக் குறியைச் செல்போனில் பிடித்துப் பாருங்கள். ஒன்றும் திறக்கவில்லை என்றாலோ, கம்பெனியின் விலைப்பட்டியலோ விளம்பரமோ வந்து நின்றாலோ அது அத்தாட்சி ஆகாது. குறியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பதிவான கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல் நீரியின் இணையத் தளத்தில் இருக்கிறது. வீட்டில் பட்டதாரிப் பெண்ணோ பிள்ளையோ இருந்தால் கடைக்குப் போவதற்கு முன்பே அதைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். செய்தவர் பெயரும் முழு விலாசமும் இல்லாமல் வெறும் 'சிவகாசி' என்று மட்டும் போட்டிருக்கிற பெட்டியை வைத்த இடத்திலேயே வைத்து விடுங்கள். சிவகாசி என்பது ஓர் ஊர், கம்பெனி அல்ல.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999-லேயே சட்டம் வந்து விட்டது. "தெருவே அதிரும்" என்று ஒருவர் அணுகுண்டைப் புகழ்ந்தால், அது புகழ்ச்சி அல்ல.

பெட்டியைத் திறந்து பார்க்க விடுகிற கடையாக இருந்தால் திரியைக் கவனியுங்கள். திரி குட்டையாக இருக்கிறதா, ஒன்று நீளம் ஒன்று குட்டையா, மருந்து பெட்டிக்குள் பொடியாய்ச் சிந்திக் கிடக்கிறதா? முத்திரை அசலாகவே இருக்கட்டும், அதை வாங்காதீர்கள். பற்ற வைத்தவன் விலகி ஓடுவதற்குக் கிடைக்கிற அவகாசமே அந்தத் திரியின் நீளம்தான்.

போலிகளில் ரொம்பப் பொல்லாதது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வருகிற சரக்கு. 'சீனப் பட்டாசு' என்பார்கள். அழகான பெட்டி, மலிவான விலை. அதில் குளோரேட் உப்பு இருப்பது உண்டு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் உரசினாலே போதும், தட்டினாலே போதும், தீப்பிடிக்கும். ஈரம் பட்டால் கந்தகத்திலிருந்து துளி அமிலம் ஊறி, யாரும் தொடாமலேகூடப் பற்றிக் கொள்ளலாம். பரணில் போட்டு வைத்த மிச்சப் பட்டாசை நினைத்துப் பாருங்கள்! இதனால்தான் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிமருந்தை 1992 ஜனவரியில் மத்திய சர்க்கார் தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கும், குழந்தைகள் துப்பாக்கியில் வைத்து அடிக்கிற கேப்புக்கும் மட்டும் விலக்கு. அவற்றில் மருந்து துளியூண்டுதானே! பெட்டியின்மேல் புரியாத எழுத்து, இந்திய விலாசம் இல்லை என்றால், மலிவைப் பார்த்து மயங்காதீர்கள்.

மலிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. '80 சதவீதத் தள்ளுபடி' என்று எல்லாக் கடையிலும் தொங்குகிறதே, அதைப் பார்த்துச் சரக்கு போலி என்றும் சொல்ல முடியாது, லாபம் என்றும் சொல்ல முடியாது. பெட்டியில் அச்சடித்த விலையே ஐந்து மடங்கு ஏற்றிப் போட்டதாக இருந்தால், நாலு பங்கைத் தள்ளுவது என்ன பெரிய தர்மம்? தள்ளுபடியை மறந்து, கையிலிருந்து போகிற ரூபாயை மட்டும் இரண்டு கடையில் ஒப்பிடுங்கள். செல்போனில் வருகிற 'நேரடித் தொழிற்சாலை விலை' விளம்பரங்களில் பணம் கட்டிவிட்டுப் பட்டாசே வராமல் ஏமாந்தவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

போலி எப்படி இவ்வளவு மலிவாக விற்க முடிகிறது? இதற்குப் பதில் சொல்லாமல் பெட்டியைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை.

உரிமம் பெற்ற பட்டாசுச் சாலையில் மருந்து கலக்குகிற அறை தனியாக, தூரத்தில் இருக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி; இரும்புச் சாமான் கூடாது, பொறி பறக்கும். கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும். இதெல்லாம் இடம், இதெல்லாம் செலவு. வீட்டுத் திண்ணையிலும், வாடகைக் கொட்டகையிலும், மரத்தடியிலும் செய்கிற சரக்குக்கு இந்தச் செலவு ஒன்றும் இல்லை. சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரங்களில் 'கருந்திரி' வீட்டில் வைத்துச் செய்ததாகப் போலீசார் பிடிக்கிற செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. பட்டாசுக்கு வைக்கிற திரிதான் அது. அடுப்பு எரிகிற வீட்டில், குழந்தை தவழ்கிற கூடத்தில் அதைத் திரித்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டாசு மருந்தில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாய் மின்னும். நகை போட்டது போல் இருக்கும், நகை அல்ல.

உரிமம் பெற்ற சாலைகளிலும் விபத்து நடக்காமல் இல்லை. உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகை இன்னொருவர் கையில், நாலு பேர் அறையில் பத்துப் பேர் என்றால், அங்கே உரிமம் வெறும் காகிதம். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இந்த ஊர்ப் பெயர்கள் எந்த லேபிளிலும் பளபளப்பதில்லை.

ஆகையால் கடைக்குப் போகும்போது பில் கேளுங்கள். "பில் எதுக்குங்க, அம்மா?" என்று சிரித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய பெட்டி சந்தேகமாக இருந்தால் பற்ற வைத்துச் சோதிக்க வேண்டாம். பில்லோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். மறக்காமல் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக் கொள்ளுங்கள். லேபிளில் நீங்கள் படிக்க வேண்டிய சங்கதியை எல்லாம், எறும்புக்குக்கூடப் பூதக்கண்ணாடி வேண்டும் என்கிற மாதிரி, அத்தனை பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.