கொண்டைக்கடலையும் மண்டையோடும்

நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலைத் தொல்காப்பியம் முதலாவதாக வைக்கிறது. பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என அதனை இரண்டாகப் பகுப்பார் பேராசிரியர். யார் யாரை எள்ளுகிறார் என்னும் இவ்வினாவே, சமூக ஏற்றத்தாழ்வைப் பேசும் அங்கத அச்சோவியங்களுக்கும் உரைகல்லாகும். மெக்சிகோ நாட்டு ஓவியம் ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அதனை வரைந்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913). ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் மகனான இவர், மெக்சிகோ நகரில் அந்தோனியோ வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகத்திற்குப் படங்கள் ஆக்கித் தந்தார். துத்தநாகத் தகட்டில், அமிலம் அரிக்காத மையால் வரைந்து அமிலத்தில் இட்டால், வரையாத பகுதி அரிபட்டுக் கோடுகள் மேடாக நிற்கும். அத்தகட்டை ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி, ஒரே அழுத்தில் அச்சிடலாம். இவ்வாறு படமும் பாட்டும் ஒருங்கே தாங்கிய மலிவுத் தாள்கள் தெருக்களில் விற்கப்பட்டன. எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு, பாட்டைப் பிறர் படிக்கக் கேட்டனர்.

‘கலவேரா’ என்னும் ஸ்பானியச் சொல் மண்டையோட்டைக் குறிக்கும். நீத்தார் நாளையொட்டி, உயிரோடிருப்பவரை இறந்தவராகப் பாவித்துப் பாடும் எள்ளற்பாட்டுக்கும் அதுவே பெயர். செல்வரும் ஏழையரும் இறுதியில் எலும்பே என்பது இவ்வகை ஓவியங்களின் அடிப்படைக் கருத்து.

போசாதாவின் இறுதிக்காலப் படைப்பான ‘கலவேரா கர்பன்சேரா’, அகன்ற தொப்பி அணிந்த ஒரு மண்டையோடு. தொப்பியில் இறகும் பூவும் உண்டு, உடலில் ஆடையில்லை. ‘கர்பன்சோ’ என்றால் கொண்டைக்கடலை. தம் பூர்வகுடி மரபை மறைத்து, ஐரோப்பியரைப்போல ஒப்பனை செய்துகொண்ட பணிப்பெண்களைப் பழிக்கும் சொல்லாக ‘கர்பன்சேரா’ வழங்கியது. ஆகவே, இவ்வோவியத்தின் முதல் இலக்கு செல்வர் அல்லர். செல்வரைப்போலத் தோன்ற முயன்ற எளியோரே. பிரெஞ்சு நாகரிகத்தை உயர்வின் அடையாளமாக்கிய மேல்தட்டினரை விட்டுவிட்டு, அவ்வடையாளத்தை நாடிய வேலைக்காரியை நகுவது நேர்மையா? ஏற்றத்தாழ்வைச் சாடும் கலைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு குடிபுகும் என்பதை நாம் இங்கு மறுக்க இயலாது.

1947இல் தியேகோ ரிவேரா, தம் பெருஞ்சுவரோவியம் ஒன்றில் அதே மண்டையோட்டுக்கு முழுவுடலும் நீண்ட ஆடையும் அளித்து, போசாதாவின் கையோடு கைகோத்து நிற்கச் செய்தார். அதன்பின் ‘கத்ரீனா’ என்னும் பெயரே நிலைபெற்றது. ‘கத்ரீன்’ என்பது பகட்டாக உடுத்தும் சீமானைச் சுட்டும் சொல். பணிப்பெண்ணைச் சுட்டிய பெயர் நீங்கிச் சீமாட்டியைச் சுட்டும் பெயர் ஏறவே, எள்ளலின் திசையும் கீழிருந்து மேல்நோக்கித் திரும்பியது. மண்டையோடும் தொப்பியும் மாறவில்லை.

போசாதாவோ 1913இல் வறியவராய் இறந்தார். உரிமை கோருவாரின்மையால் அவருடைய எலும்புகள் பின்னர்ப் பொதுக்குழியில் இடப்பட்டன. அங்கத ஓவியத்தைக் காணும்போது கோட்டை மட்டுமன்றி, அதன் அடியில் அச்சிட்ட சொல்லையும் நாம் படித்தல் வேண்டும். எள்ளப்படுவோர் யாவர் என்பதை அச்சொல்லே நமக்கு உணர்த்தும்.