காற்றை வைத்தே லேசர் கட்டலாம்! கண்ணையும் பறி கொடுக்கலாம்!
வாலிபர்களே உஷார்

நெடுங்காடு:-

கையடக்க லேசர் விளக்கை வாங்கி சுவரில் அடித்து விளையாடும் வாலிபர்கள், "இதை நாமே செஞ்சா என்ன?" என்று இறங்கி விடுவது உண்டு. இறங்கியவர்கள் லேசில் கரை ஏறுவது இல்லை. சோறு, தூக்கம் மறந்து, கைக்காசைக் கரைத்து அதிலேயே கிடக்கிறார்கள்.

வயலிலும் லேசர்

நெல் விளையும் நெடுங்காட்டுக்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காவிரி டெல்டாவில் நிலத்தை மட்டப்படுத்தவே லேசர் கருவி வந்து விட்டது. ஓரத்தில் நிறுத்திய கருவி ஒளியைச் சுழற்றும். டிராக்டர் பின்னால் உள்ள பெட்டி அதற்குத் தக்கபடி ஏறி இறங்கி மண்ணைச் சமன் செய்யும்.

இந்தியர் சாதனை

உலகின் முதல் லேசர் 1960 மே 16-ல் அமெரிக்காவில் ஒளிர்ந்தது. மெய்மன் என்ற விஞ்ஞானி மாணிக்கக் கல் குச்சியைச் சுற்றி பிளாஷ் விளக்கை மாட்டி இதைச் சாதித்தார்.

1964-ல் இன்னொரு அதிசயம். மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவை வைத்து லேசர் செய்தார். சோடா பாட்டிலில் அடைக்கிற அதே வாயுதான்! பிற்காலத்தில் அது இரும்புத் தகட்டையே அறுத்துத் தள்ளியது.

வீட்டிலேயே லேசர்

அதே 1964 செப்டம்பரில் "சயன்டிபிக் அமெரிக்கன்" பத்திரிகை, வீட்டில் லேசர் கட்டும் விதத்தை வெளியிட்டது. ஆனால் அதற்குக் கண்ணாடிக் குழாய் ஊதத் தெரிய வேண்டும். காற்றை உறிஞ்சும் பம்பு வேண்டும். 1974 ஜூனில் அதே பத்திரிகையில் நைட்ரஜன் லேசர் வந்தது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். சும்மா கிடக்கும் காற்றே போதும் என்று தெரிந்ததும் மோகம் பிடித்துக் கொண்டது. செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டு, நடுவில் சின்ன இடைவெளி, பல ஆயிரம் வோல்ட் மின்சாரம். 'படார்' என்று பொறி பறக்கும். வருகிற புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் பட்டால் நீலமாக மின்னும். அந்த மின்னலை ஒரு தடவை பார்த்தவன் அடுத்து பெரிசாகக் கட்டாமல் விட மாட்டான்.

உயிருக்கே ஆபத்து

விபரீதம் இங்கேதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் தொட்டால் ஆளையே முடித்து விடும்.

பழைய டி.வி.டி. ரைட்டரை உடைத்து லேசர் எடுப்பவர்களும் உண்டு. சாதாரண பாயிண்டருக்கு 5 மில்லிவாட்தான் வரம்பு. ரைட்டரில் இருப்பதோ அதைப்போல் பல மடங்கு! கண்ணுக்குள் புகுந்தால் விழியே அதை ஒரு புள்ளியாகக் குவித்து விழித்திரையைச் சுட்டு விடும். இமை மூட கால் வினாடி ஆகும். அதற்குள் காரியம் முடிந்து விடும். வலியும் தெரியாது. பார்வையில் விழுந்த ஓட்டை திரும்ப அடையாது.

வழி என்ன?

கூலிங் கிளாஸ் உதவாது. அந்தந்த ஒளிக்கு என்றே செய்த கண்ணாடி வேண்டும். தனியாகச் செய்யக்கூடாது. ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரி ஆசிரியரைப் பிடித்து, அவர் முன்னால் கற்றுக் கொள்வதே புத்திசாலித்தனம். லேசர் பழுதானால் இன்னொன்று கட்டலாம். கண்ணைக் கட்ட முடியுமா?