உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்போர்ட்டில் சிக்கும் கல்யாண வீடியோக்கள்

நெய்வேலிக்குப் பக்கத்தில் முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் முத்தாண்டிக்குப்பம். இந்தப் பக்கம் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் எடிட்டிங் கம்ப்யூட்டர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, திரௌபதி அம்மன் தீமிதி என்று மெமரி கார்டுகள் குவியும். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் போட்டு, எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது திரையில் ஒரு எரர் நிற்கும். சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். கோளாறு பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டுக்கு வெகு முன்பே, பென்டிரைவிலோ செல்போனிலோ மின்கம்பத்திலோ தொடங்கிவிடுகிறது.

● 32 ஜிபி பென்டிரைவ். அதில் 28 ஜிபி காலி. ஆனாலும் 5 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது. ஏன்? அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. 1996-ல் வந்த இந்த முறை, ஒரு ஃபைலின் அளவை 32 பிட் எண்ணாகத்தான் குறித்துவைக்கும். அதனால் எந்த ஃபைலும் 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் எக்ஸ்போர்ட் செய்தால் ஏறக்குறைய 71 நிமிடத்தில் இந்த எல்லை வந்துவிடும். நம் ஊர்க் கல்யாண வீடியோ எதுவும் 71 நிமிடத்தில் முடிவதில்லை!

2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். என்னைக் கேட்டால், நலங்கும் வரவேற்பும் ஒரு ஃபைல், முகூர்த்தம் ஒரு ஃபைல் என்று 4 ஜிபிக்குள் பிரித்துக் கொடுப்பதே கிராமத்து வீடுகளுக்கு நல்லது. பெரும்பாலான டிவிகளில் செருகினால் ஓடும்.

● 99 சதவீதத்தில் கரண்ட் போனால் அந்த 99 சதவீதமும் வீண். எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. 'மூவ் ஆட்டம்' என்பது அதன் பெயர். பெரும்பாலும் அது எல்லாப் படமும் எழுதி முடித்த பிறகு, கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் நின்றால் படமெல்லாம் டிஸ்க்கில் இருக்கும், அட்டவணை இருக்காது. ஃபைலைத் திறந்தால் எந்தப் பிளேயரும் கையை விரித்துவிடும்.

பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தும் கரண்ட் போகிறதே என்கிறீர்களா? நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் தயாராகிறது. அது தென் மாநிலங்களின் மின்தொகுப்புக்குப் போகிறது. சுற்றியுள்ள ஊர்களின் டிரான்ஸ்ஃபார்மரும் மின்கம்பியும் கத்திரி வெயிலுக்கும் காற்றுக்கும் எல்லா ஊரையும் போலவேதான் பழுதாகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்து, கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

ஆகவே கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கட்டாயம். நீண்ட வேலைகளைப் பகுதி பகுதியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு, வெளியே வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் அடாப்டரை நேரே சுவரில் செருகியிருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். எம்கேவி வகை ஃபைல் பாதியில் நின்றாலும் நின்ற இடம்வரை ஓடும். கேமராவிலேயே பாதியில் நின்றுபோன எம்பி4 ஃபைலை மீட்க 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை அதற்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு கேமராவிலும் எடுத்த ஒரு சின்னக் காட்சியைத் தனியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

● மூன்று முடிச்சுப் போடும் அந்த நொடியில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைவதைக் கவனித்திருக்கிறீர்களா?

வீடியோவைச் சுருக்கும் முறை இதுதான்: ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு போகும். ஐயர் மந்திரம் சொல்கிறார், பின்னால் மேடை அலங்காரம் அசையாமல் நிற்கிறது. மாற்றம் குறைவு, செலவும் குறைவு. "கெட்டிமேளம்" என்ற குரல் வந்ததும் நான்கு பக்கமும் இருந்து அட்சதை பறக்கிறது. நூற்றுக்கணக்கான அரிசி, பூவிதழ். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். போதாததற்கு போட்டோகிராஃபரின் பிளாஷ். ஒரே ஒரு படம் முழுக்க வெள்ளையாகி, அடுத்த படத்தில் பழையபடி ஆகிறது. இத்தனை மாற்றத்தையும் எழுத, விநாடிக்கு இவ்வளவுதான் என்று நாம் கட்டிவைத்த அளவு போதாது. அரிசி மணிகள் கரைந்து, தாலி கட்டும் கை மேலும் மணப்பெண் முகத்தின் மேலும் சதுரங்கள் படியும். ஹெச்.264 முறை படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நாம் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். முந்திரித் தோப்புக்கு மேல் டிரோன் பறக்கும் காட்சியும் இப்படியே உடையும்; காற்றில் ஒவ்வோர் இலையும் அசைகிறதே.

மருந்து எளிது. அந்த அளவை, அதாவது பிட்ரேட்டை, நிலையாக வைக்காமல் விபிஆர் 2 பாஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை வீடியோ முழுவதையும் படித்து, எங்கே மாற்றம் அதிகம் என்று கணக்கெடுக்கும். இரண்டாம் முறை அந்த இடங்களுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும். நேரம் கூடும்தான். மூன்று மணி நேர வீடியோவில் அந்த வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்போவது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தகும். இன்னொன்று: ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்த ஃபைலிலிருந்து ஹைலைட்ஸ் வெட்டாதீர்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படம் கொஞ்சம் கெடும். மூலக் காட்சியிலிருந்தே வெட்டுங்கள்.

● அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையின் ஓரம் மட்டும் பிசிறடிப்பது ஏன்? சாதாரண வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக எழுதப்படுகிறது. நிறமோ நான்கு புள்ளிக்கு ஒருமுறைதான். முழு ஹெச்டி படத்தில் 20,73,600 புள்ளிகள். நிறத்தின் மாதிரிகள் 5,18,400 மட்டுமே. மற்ற நிறங்களில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறை, அடர்சிவப்பில் அப்பட்டமாகத் தெரியும். கலர் கிரேடிங்கில் சிவப்பை மேலும் ஏற்றினால் இன்னும் மோசம். கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

● செல்போனில் எடுத்த காட்சியில் தொடக்கத்தில் சரியாக இருந்த தவில் சத்தம், போகப்போகக் கைக்கு முன்னாலோ பின்னாலோ விழுகிறதா? வெளிச்சம் குறைந்தால் பல செல்போன்கள் விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அதை ஒரே சீரான வேகம் என்று எண்ணிக்கொண்டால், படமும் ஒலியும் மெல்ல மெல்லப் பிரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிய பிறகு டைம்லைனில் போடுங்கள். ஒலியைக் கையால் நகர்த்திச் சரிசெய்யப் பார்த்தால் ஓர் இடம் சரியாகி இன்னோர் இடம் கெடும்.

● நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதையொட்டியே நம் டிவி முறை விநாடிக்கு 25 படம் என்றானது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தபோதும் அந்த 25 மாறவில்லை. வீடியோகிராஃபரின் கேமரா 25, மாமாவின் செல்போன் 30. இரண்டையும் 25 டைம்லைனில் கலந்தால், செல்போன் காட்சியில் ஆறு படத்துக்கு ஒரு படம் கழன்றுபோகும். கோலாட்டமும் ஒயிலாட்டமும் வெட்டி வெட்டித் தெரியும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் பால் ஃபார்மேட்டைக் காட்டச் சொன்னால் 25 கிடைக்கும். சீரியல் விளக்கு மினுங்கிப் பட்டை பட்டையாக விழுந்தால் எக்ஸ்போர்ட்டில் சரிசெய்வது பெரும்பாடு. எடுக்கும்போதே ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைப்பதுதான் வழி.

● ஆடியோ சிடியில் விநாடிக்கு 44,100 ஒலி மாதிரி என்ற விசித்திரமான எண், வீடியோ டேப்பிலிருந்து வந்தது! 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். விநாடிக்கு 50 புலம் (ஃபீல்ட்), புலத்துக்கு 294 வரி, வரிக்கு 3 மாதிரி, பெருக்கிப் பாருங்கள். வீடியோவுக்கு 48,000 என்பதே வழக்கம். எக்ஸ்போர்ட்டில் அதையே வையுங்கள்.

● "எரர் கம்பைலிங் மூவி" என்று பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர் சொல்லும்போது கூடவே ஒரு டைம்கோடும் காட்டும். பலர் அதைப் படிக்காமலே கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். டைம்லைனில் அந்த இடத்துக்குப் போங்கள். அங்கே ஒரு டிரான்சிஷனோ பிளக்-இன்னோ, ஆல்பத்துக்கு எடுத்த பெரிய போட்டோவோ இருக்கும். 24 மெகாபிக்சல் போட்டோ ஒன்றை உயர்ந்த தரக் கணக்கீட்டில் விரித்தால் 384 எம்பி நினைவகம் வேண்டும். அப்படி நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுழற்றினால் சின்ன கிராஃபிக்ஸ் கார்டு தாங்காது. போட்டோக்களை 3840 புள்ளி அகலத்துக்குக் குறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 4கே டிவியிலும் வித்தியாசம் தெரியாது.

டைம்கோடு எதுவும் காட்டாத சாஃப்ட்வேரா? டைம்லைனைப் பாதியாக வெட்டி முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஓடினால் கோளாறு மறுபாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். 2 மணி நேர வீடியோவாக இருந்தாலும் பத்தே முறையில் ஏறக்குறைய 7 விநாடி அளவுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால் ஹார்ட்வேர் என்கோடிங்கை நிறுத்தி, சாஃப்ட்வேர் என்கோடிங்குக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். மெதுவாகப் போகும், ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவரின் கோளாறு என்றால் அங்கேயே தீர்ந்துவிடும்.

● டைட்டிலில் "கொ" என்று தட்டினால் கொம்பு இடம் மாறி விழுகிறதா? எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் பகுதி தமிழுக்கு ஏற்றபடி அமையவில்லை. பிரீமியரில் கிராஃபிக்ஸ் செட்டிங்குக்குள் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் சரியாகும். இந்தத் தொல்லையால்தான் பல ஸ்டுடியோக்கள் இன்னும் பாமினி எழுத்துருவை விடாமல் இருக்கின்றன. அதில் சிக்கல் வேறு: பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் புராஜெக்ட்டைத் திறந்தால் மணமக்கள் பெயர் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடுக்கு மாறிவிடுவதே நல்லது.

● ஃபைல் பெயரில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறிக்கும் இடமில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துக்கொண்டே போனால், மொத்தப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டும்போது பல மென்பொருள்கள் நின்றுவிடும். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் என்பதால் 85 குறியோடு முடிந்தது. "கொ" என்பதே இரண்டு குறி.

● 1080 வரி வீடியோ ஹெச்.264-ல் உண்மையில் 1088 வரியாக எழுதப்படுகிறது. 1080ஐ 16ஆல் வகுத்தால் மீதி வருவதே காரணம். அந்த 8 வரியைப் பிளேயர் வெட்டிவிட்டுக் காட்டும். அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் பல என்கோடர்கள் தொடங்கவே தொடங்காது.

● 1 டிபி ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி. 4.7 ஜிபி டிவிடியில் கம்ப்யூட்டர் கணக்கில் 4.38 தான். கடைசி நேரத்தில் இடம் போதாமல் நிற்கும் எக்ஸ்போர்ட்டுகளில் பலவற்றின் கதை இதுதான். டெம்ப் ஃபைல்கள் சேரும் டிரைவிலும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

● வெயில் காலத்தில் மட்டும் ரெண்டர் இழுக்கிறதா? பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்க்கில் படிந்த தூசியை ஊதிவிடுங்கள்.

● எக்ஸ்போர்ட் முடிந்துவிட்டது. ஃபைல் அளவைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், தொடக்கம் முதல் கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் பென்டிரைவிலிருந்தே, டிவியில். வாடிக்கையாளர் வாங்கிப் போய்ப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு போதாவிட்டால் புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.